மொன்ரெயாலேக்கு அரை மணித்தியாலம் காணாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட ஞாயிறு இணைப்பில வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை வாசிச்சனான். எழுதினவர் நல்லா எழுதக்கூடிய ஆள்தான், அதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, ஆனா வெனிசுக்கும் ரோமுக்கும் பக்கம் பக்கமா எழுதிப்போட்டு சிசிலிக்கு வரேக்க ஆள் களைச்சுப் போனார் போல, சிசிலித் தலைநகர் பலெர்மோவுக்கு மேல மலைச்சரிவில இருக்கிற மொன்ரெயாலே பேராலயத்துக்கு மூண்டே மூண்டு வரி, அதுவும் உள்ளுக்கு எல்லாம் தங்கம், அண்ணாந்து பாத்துப் படம் எடுத்திட்டு வெளிக்கிட அரை மணித்தியாலம் காணும் எண்டு. அந்த மூண்டு வரியிலயும் கூடப் போட்ட படத்திலயுமா ரண்டு பிழை வேற. நான் பலெர்மோவில பிள்ளைகுட்டியோட இருக்கிறனான், லண்டன், கனடா, ஜேர்மனி எண்டு எங்கயிருந்து சொந்தக்காரர் வந்தாலும் மொன்ரெயாலேக்குக் கூட்டிக்கொண்டு போறது என்ர பொறுப்பு, அதால இதைச் சும்மா விட மனம் வரேல்ல. கொஞ்சம் நீளமாப் போனா குறை நினைக்காதேங்கோ.

முதல் படத்துக்கு வாறன். நீங்கள் போட்டிருக்கிறது மொன்ரெயாலே யேசு இல்ல, செஃபலு யேசு. செஃபலு எண்டுறது பலெர்மோவில இருந்து கிழக்குப் பக்கமா கடற்கரையோட ரயில்ல போற ஊர், அந்தப் பேராலயத்தை 1131ல தொடங்கினவர் சிசிலியை ஆண்ட நோர்மன் ராசா இரண்டாம் ரோஜர், பீடத்துக்குப் பின்னால இருக்கிற மொசைக், அதாவது சின்னச் சின்னத் துண்டு பதிச்சுச் செய்த படம், 1148ல முடிஞ்சது எண்டு சுவரிலயே எழுதிக் கிடக்கு. மொன்ரெயாலே அவற்ற பேரன் இரண்டாம் வில்லியம் கட்டினது. ரண்டு இடத்திலயும் பீடத்துக்கு மேல வளைஞ்ச கூரையில பெரிய யேசு, ஒரு கையால ஆசீர்வதிக்கிறார், மற்றக் கையில திறந்த புத்தகம், அதால மாறிப் போறது பெரிய அதிசயம் இல்ல. ஆனா வடிவாப் பாத்தா விளங்கும். செஃபலு யேசுவுக்கு ஒடுங்கின முகம், நெத்தியில ரண்டு கீற்று மயிர் கலைஞ்சு விழுந்திருக்கு, ஏதோ யோசிச்சுக் கவலைப்படுற ஒருத்தற்ற முகம் அது. மொன்ரெயாலேக்காரர் அகலமானவர், அந்த வளைவு முழுக்க ரண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறார், கிட்டத்தட்ட 13 மீற்றர் அகலம், கோயில் வாசல்ல நிக்கிற ஆளும் அவற்ற கண்ணுக்குத் தப்ப ஏலாது. என்னைக் கேட்டா முகத்துக்கு செஃபலு, பிரமாண்டத்துக்கு மொன்ரெயாலே. இன்னொரு சுகமான அடையாளம் சொல்லுறன், செஃபலுவில மொசைக் பீடத்தைச் சுத்தின பகுதியில மட்டும்தான், சனம் இருந்து பூசை பாக்கிற நீளப் பகுதிச் சுவர் வெறுமன. மொன்ரெயாலேயில கீழ மாபிள் பலகை போட்ட பகுதியைத் தாண்டினா, மரக்கூரை தொடங்கிற இடம் மட்டும் ஒரு சாண் வெறும் சுவரும் மிச்சம் இல்ல.

ரண்டாவது பிழை, மொன்ரெயாலே முந்திப் பள்ளிவாசலா இருந்தது எண்டு எழுதினது. அது பலெர்மோ நகரத்துக்குள்ள இருக்கிற பேராலயத்தின்ர கதை. 831ல அரபிக்காரர் பலெர்மோவைப் பிடிச்ச பிறகு அங்க இருந்த தேவாலயம் பள்ளிவாசல் ஆச்சு, 1072ல வடபிரான்ஸ் வழி வந்த நோர்மன்காரர் வந்து திரும்பத் தேவாலயம் ஆக்கினவை. மொன்ரெயாலே மலை ராசாக்கள் வேட்டைக்குப் போற இடம். வில்லியம் வேட்டைக்குப் போய் ஒரு மரத்துக்குக் கீழ நித்திரையாப் போனாராம், கனவில மாதா வந்து இந்த மரத்துக்குக் கீழ புதையல் கிடக்கு, எடுத்து எனக்கு ஒரு கோயில் கட்டு எண்டு சொன்னவவாம், இதுதான் இஞ்ச எல்லாரும் சொல்லுற கதை. நல்ல கதைதான், ஆனா உண்மைக் காரணம் அதைவிடச் சுவாரசியம். வில்லியம் 1166ல தகப்பன் செத்து ராசாவாகேக்க வயசு பதின்மூண்டு கூட நிரம்பாத பெடியன், தாய் மார்கரீத்தாதான் கொஞ்சக் காலம் ராச்சியத்தைப் பாத்தவ, அந்த நேரம் பலெர்மோவில பேராயருக்குச் செல்வாக்கு எண்டா சொல்லி வேலையில்ல. ராசா வளந்த பிறகு என்ன செய்தார் எண்டா, 1170கள்ல, நகரத்தில இருந்து ஒரு ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளி மலையில தன்ர சொந்தச் செலவில ஒரு மடத்தைத் தொடங்கி, சலேர்னோவுக்குக் கிட்ட இருக்கிற காவா மடத்தில இருந்து பெனடிக்ற் சபைத் துறவியளைக் கூப்பிட்டு, சில வருசத்துக்குள்ள பாப்பரசரைக் கொண்டு அதையே இன்னொரு பேராயர் பீடம் ஆக்கிப்போட்டார். மூக்குக்கு முன்னால ரண்டாவது பேராயர். பலெர்மோப் பேராயர் வால்ரர் சும்மா இருந்தாரோ, அவர் கீழ தன்ர பேராலயத்தை இடிச்சுப் புதுசா எழுப்பத் தொடங்கினவர். எங்கட ஊரில ஒரு கோயில்காரர் தேர் செய்தா பக்கத்துக் கோயில்காரர் ஒரு முழம் உயர்த்திச் செய்யிற மாதிரித்தான். இந்தக் கோபதாபம் தெரியாம அந்தக் கோயிலுக்குள்ள நிண்டா, ஏன் இவ்வளவு அவசரமா, ஏன் இவ்வளவு பெரிசா எண்டு விளங்காது, 102 மீற்றர் நீளக் கட்டடத்தின்ர பெரும்பகுதி ஒரு பத்துப் பதினைஞ்சு வருசத்துக்குள்ள எழும்பிட்டுது, 1186ல பீசா ஊர் பொனான்னோ செய்த வெண்கலக் கதவு முன் வாசல்ல மாட்டியாச்சு. அந்தக் கதவையும் நிண்டு பாருங்கோ, 42 பலகையில பைபிள் கதை.

இனித் தங்கம். இந்தத் தங்கக் கதைதான் எனக்கு உண்மையில கோவத்தை ஏத்துறது. எந்தக் கைட்டைக் கேட்டாலும் இத்தனை ஆயிரம் கிலோ தங்கம் எண்டு தொடங்குவினம், உடன எல்லாரும் ஆவெண்டு பாத்து இண்டைய விலைக்குப் பெருக்கிப் பாக்கத் தொடங்கிடுவினம். சுவர் தங்கத்தகடு இல்லையப்பா, அது கண்ணாடி. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு, ஒவ்வொண்டும் விரல்நகத்தை விடச் சின்னன், அடியில ஒரு கண்ணாடி, அதுக்கு மேல மூச்சுப் பட்டாப் பறக்கிற மாதிரித் தங்க ரேக்கு, அதுக்கு மேல திரும்ப ஒரு மெல்லிய கண்ணாடி உருக்கி மூடியிருக்கு, தங்கம் நடுவில அகப்பட்டுக் கிடக்கிறதால எண்ணூறு வருசத்துக்கு மேலயாகியும் மங்கேல்ல. இந்தத் துண்டுகளைக் காயாத சுண்ணாம்புச் சாந்தில கையால ஒவ்வொண்டாப் பதிச்சவை. ஓரச் சுவருக்குக் கிட்டப் போய்ப் பக்கவாட்டில நிண்டு அண்ணாந்து பாருங்கோ, சுவர் மட்டமா இருக்காது, ஒரு துண்டு கொஞ்சம் கீழ்ப் பக்கம் சரிஞ்சிருக்கும், பக்கத்துத் துண்டு வேற பக்கம், அதாலதான் நீங்கள் ஒரு அடி எடுத்து வைச்சா மினுக்கம் வேற இடத்துக்குப் போகுது, வெளியில மேகம் மறைச்சா முழுச் சுவரும் தேன் நிறமாகி இருண்டு போய் திரும்ப வெளிக்குது. இதைப் பாக்க நேரம் வேணும். போனுக்குள்ளால பாத்தா மஞ்சள் சுவர்தான் தெரியும். ஆறாயிரம் சதுர மீற்றருக்கு மேல இப்பிடிப் பதிச்சிருக்கு எண்டா எத்தினை கை எத்தினை வருசம் வேலை செய்திருக்கும் எண்டு யோசியுங்கோ, கிலோக் கணக்கு எனக்கு வேண்டாம்.

எப்பிடிப் பாக்கிறது எண்டதை உங்கட கட்டுரையாளர் எழுதியிருந்தா எவ்வளவு பிரயோசனமா இருந்திருக்கும். அது வரிசையா வாசிக்கிற சுவர். பீடத்தைப் பாத்து நிண்டா வலக்கைப் பக்கம், தூண்களுக்கு மேல, பீடத்துக்குக் கிட்ட இருக்கிற மூலை, மேல் வரிசை, அங்கதான் தொடக்கம், கடவுள் உலகத்தைப் படைக்கிறார். அப்பிடியே வாசல் பக்கம் வந்து, வாசல் சுவரைத் தாண்டி, மற்றப் பக்கத்தால திரும்பப் பீடத்துக்குப் போகுது கதை, ஆதாம், ஏவாள், பழம், துரத்தி விடுறது, காயின், ஆபேல். அது முடியத் திரும்பவும் வலப்பக்கம் வந்து கீழ் வரிசையைத் தொடங்க வேணும், நோவா பேழை கட்டுறதில தொடங்கி யாக்கோபு தேவதூதரோட மல்லுக்கட்டுறது வரைக்கும். ஓரப் பகுதிகள்ல யேசு செய்த புதுமைகள். ஒருக்கா கனடாவில இருந்து வந்த மாமி ஒராளைக் கூட்டிக்கொண்டு போனனான், மாமி சைவம், ஆனா கொன்வென்ரில படிச்சவ, பைபிள் கதை எல்லாம் தண்ணி. தொடங்கிற மூலையை மட்டும் காட்டிவிட்டன், அவ்வளவுதான், மனுசி வாங்கில இருந்துகொண்டு பேரப்பிள்ளையளுக்கு ஒவ்வொரு படமாச் சொல்லத் தொடங்கிட்டா, படத்துக்கு மேல லத்தீனில எழுதினது ஒண்டும் வாசிக்கத் தெரியாது, தேவையும் வரேல்ல. ஏழாம் நாள் வேலை முடிஞ்சு கடவுள் சும்மா இருக்கிற படத்தைப் பாத்திட்டுச் சின்னவன் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவோ எண்டு கேட்டான்.

எனக்குப் பிடிச்சது ரண்டு. ஒண்டு ரெபேக்கா கிணத்தடியில ஒட்டகங்களுக்குத் தண்ணி வைக்கிற படம், ஒட்டகத்தின்ர கழுத்து வளைவைப் பாத்தா தாகம் தெரியும். மற்றது பாபேல் கோபுரம். அதில சாரம் கட்டி, சாந்து குழைச்சு, கல்லுத் தூக்கிக் குடுத்து வேலை செய்யிற மேசன்மார் இருக்கினம். அந்தப் படத்தைச் சுவரில பதிச்ச ஆளும் இதே மாதிரி ஒரு சாரத்துக்கு மேல நிண்டுதான் பதிச்சிருப்பார், தன்ர தொழிலைத்தான் கீறியிருக்கிறார். பேழை கட்டுற படத்திலயும் மரம் அறுக்கிற தச்சர்மாரைப் பாருங்கோ. தங்கத்தை மட்டும் பாத்திட்டு வெளிக்கிடுற ஆக்களுக்கு இந்த மனுசர் ஒருத்தரும் கண்ணில படாயினம்.

பீடப் பக்கம் போனா, பெரிய யேசுவுக்குக் கீழ மாதாவும் அப்போஸ்தலரும், அதுக்கும் கீழ புனிதர்கள் வரிசையா நிக்கினம். அந்தக் கீழ் வரிசையில ஒருத்தர் கன்ரபரி தோமஸ், தோமஸ் பெக்கெற். இங்கிலாந்தில இரண்டாம் ஹென்றி ராசாவோட முரண்பட்டு 1170ல தன்ர பேராலயத்துக்குள்ளயே ராசாவின்ர வீரர்களால வெட்டிக் கொல்லப்பட்டவர், 1173ல புனிதர் ஆக்கினவை. இதில பகிடி என்னெண்டா, மொன்ரெயாலே கட்டின வில்லியம் 1177ல கலியாணம் கட்டினது அதே ஹென்றியின்ர மகளை, யோன் எண்டு பதினொரு வயசுப் பிள்ளை. மாமனாரின்ர ஆக்கள் கொலை செய்த மனுசனை மருமகன் தன்ர கோயில்ல புனிதரா நிப்பாட்டி வைச்சிருக்கிறார், உலகத்தில மிஞ்சியிருக்கிற பெக்கெற்றின்ர படங்களுக்குள்ள மிகப் பழசுகளில இதுவும் ஒண்டு. பெக்கெற்றின்ர கதை தெரிஞ்ச லண்டன்காரர் வந்தா இந்த இடத்தில நிண்டு சிரிக்காமப் போறதில்ல.

ராசா தன்னையும் விடேல்ல. ரண்டு இடத்தில நிக்கிறார். ஒரு பக்கம் கோயிலைச் சின்னதாக்கிக் கையில தூக்கி மாதாவுக்குக் குடுக்கிறார். மற்றப் பக்கம், ராசாவின்ர ஆசனத்துக்கு மேல, யேசுவே நேர கையால முடி வைக்கிறார். பாப்பரசரும் இல்ல, பேராயரும் இல்ல, நடுவில ஒருத்தரும் இல்ல. எதிர்ப் பக்கம் இருக்கிற பேராயர் ஒவ்வொரு பூசைக்கும் இதைப் பாத்துக்கொண்டுதான் இருக்க வேணும், பாவம்.

இன்னுமொண்டு. இந்த இடத்தைப் பற்றி எழுதுறவை எல்லாரும், உங்கட கட்டுரையாளரும், கிரேக்கர், அரபியர், லத்தீன்காரர் எல்லாரும் ஒற்றுமையா வாழ்ந்த காலத்தின்ர சின்னம் எண்டு ஒரு வரி போட்டிடுவினம். 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்ததும் அரபு நோர்மன் பலெர்மோ எண்ட பேரிலதான், செஃபலுவும் மொன்ரெயாலேயும் அதுக்குள்ள வருது. கலையில அந்தக் கலப்பு உண்மை, நான் மறுக்கேல்ல. மொசைக் பைசாந்தியப் பாணி, அதாவது கிழக்குக் கிரேக்கப் பேரரசின்ர பாணி, கீழ மாபிள்ல நட்சத்திரமும் கோணமுமா ஓடுற கோலம் அரபுக் கைவரிசை, நடுக்கூடத்துத் தூண்கள் பழைய ரோமக் கட்டடங்கள்ல இருந்து கொண்டுவந்தது, தலைப்பில வயல் தெய்வம் செரெஸின்ர முகம் இருக்கிற தூணுக்குக் கீழ இருந்துதான் சனம் மாதாவைக் கும்பிடுது. ஆனா ஆற்ற உழைப்பில எண்டும் கேக்க வேணும்தானே. ராசா இந்த மடத்துக்கு எழுதிக் குடுத்த காணியள்ல இருந்து உழைச்சது கனக்க முஸ்லிம் கமக்காரர், காணியோட அவையையும் சேத்துத்தான் குடுத்தவர், 1178லயும் 1183லயும் எழுதின பட்டியல்கள் இருக்கு, அரபியில வரிவரியா அந்தக் குடியானவன்மாரின்ர பேர். வில்லியம் 1189ல பிள்ளையில்லாமச் செத்த உடன அந்தச் சனம் மலையளுக்கு ஏறிக் கிளர்ச்சி செய்தது, பிறகு சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் ராசா காலத்தில மிஞ்சினவையைச் சிசிலியை விட்டே கிளப்பி இத்தாலிப் பெருநிலத்தில லுசேரா எண்ட இடத்தில கொண்டுபோய் விட்டவை. ஒற்றுமை எண்டு எழுதுறதுக்கு முதல் இதையும் ஒரு வரி எழுதுங்கோ, இடம்பெயர்ந்த சனம் வாசிக்கிற பத்திரிகை உங்கடது.

பக்கத்தில இருக்கிற மடத்து முற்றத்துக்குத் தனி ரிக்கற், குடுக்கிற காசுக்குப் பிழை இல்ல. சோடி சோடியா 228 தூண், அதில கனக்கத் தூண்ல மொசைக் கோடு சுத்திச் சுத்தி ஏறும், ஒரு தூணின்ர தலை மாதிரி இன்னொண்டு இல்ல, ஒரு மூலையில அரபுப் பாணியில தண்ணி விழுற தடாகம். வெய்யில் நாள்ல பிள்ளையள் அதில இருந்து எழும்பாயினம். கூரைக்கும் ஏறலாம், படி ஒடுங்கல், முழங்கால் நோக்காரர் வேண்டாம். மேல இருந்து பலெர்மோவும் கடலும் தெரியும், ஒரு காலத்தில முழுக்கத் தோடை, எலுமிச்சைத் தோட்டமா இருந்த பள்ளம், போருக்குப் பிறகு அரசியல்வாதியளும் மாஃபியாவும் சேந்து சிமெந்துப் பெட்டியாக் கட்டித் தள்ளினது, அதுவும் அப்பிடியே தெரியும். கோயில் மரக்கூரை 1811ல நெருப்பில சேதமாகித் திரும்பச் செய்தது, அதுக்குள்ளயும் மொசைக் இவ்வளவு தப்பினது பெரிய காரியம். உள்ளுக்கு வில்லியத்தின்ர கல்லறை இருக்கு, தகப்பன்ர கல்லறையும் இருக்கு. பிரான்ஸ் ராசா ஒன்பதாம் லூயி 1270ல துனிசில செத்தபோது அவற்ற உள்ளுறுப்புகளை மட்டும் கொண்டுவந்து வைச்சதும் இஞ்சதான், பிள்ளையளுக்கு இதைச் சொல்லி வைச்சா அண்டைக்கு முழுக்க அதே கதைதான்.

பலெர்மோத் தமிழருக்கும் ஒண்டு சொல்ல வேணும். நாங்கள் எல்லாரும், சைவம் வேதம் எண்டு பாக்காம, ஞாயிற்றுக்கிழமையள்ல மொந்தே பெல்லெக்ரீனோ மலையில இருக்கிற, பலெர்மோவின்ர காவல் புனிதை சன்ரா ரொசாலியாவிட்ட ஏறிப் போறனாங்கள், நேத்தி வைச்சு வெறுங்காலோட போறவையும் இருக்கினம், இத்தாலிக்காரரே எங்களைப் பாத்து அதிசயப்படுகினம். ரொசாலியா அந்த நோர்மன் அரண்மனைக் காலத்துப் பிள்ளை எண்டுதான் வழிவழியா சொல்லுறது, 1166ல செத்தவ எண்டு சொல்லுவினம், அதாவது வில்லியம் முடி சூடின வருசம். அந்த அரண்மனை, அந்தக் குடும்பம், அந்தக் காலம் எப்பிடி இருந்தது எண்டு பாக்க வேணுமெண்டா மற்ற மலைக்கு ஏற வேணும், ஆனா கனகாலம் இஞ்ச இருந்தும் மொன்ரெயாலே போகாத ஆக்களை எனக்குத் தெரியும். பியாற்சா இன்டிபென்டென்சாவில இருந்து பஸ் இருக்கு, வேலைக்குப் போற தூரம் கூட இல்ல.

போறவை கவனிக்க: மத்தியானம் பூட்டுற வழக்கம் இருக்கு, ஞாயிறு காலமை பூசை நேரம் சுத்திப் பாக்க விடாயினம், நேரத்தை முதலே பாத்திட்டுப் போங்கோ. தோள் மூடின உடுப்பு. ஆரிட்டயாவது பைனாகுலர் இருந்தா இரவல் வாங்கிக்கொண்டு போங்கோ, மேல் வரிசைக்கு அது இல்லாமச் சரிவராது. குறைஞ்சது அரை நாள் ஒதுக்குங்கோ, இல்லாட்டி அந்த அரை மணித்தியாலத்தைக் கீழ சந்தையில அரஞ்சீனி எண்ட பொரிச்ச சோத்து உருண்டை சாப்பிடச் செலவழிக்கலாம், அது மேல்.

ஆசிரியரிட்டக் கேக்கிறது ரண்டே ரண்டு. பள்ளிவாசல் எண்ட பிழைக்கும் படத்துக்கும் அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்கோ. செஃபலு யேசுவின்ர படம் எப்பிடியும் உங்களிட்ட இருக்கு, அதை வைச்சு செஃபலுவைப் பற்றித் தனியா ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கோ, இந்த முறை மூண்டு வரிக்கு மேல.

இப்படிக்கு,
பலெர்மோவில இருந்து ஒரு வாசகி